சல்லிசான டொமைன் வாங்கி விற்கிறவர்களுக்கு எந்த ரெஜிஸ்ட்ரார் சரிப்படும்? பாளையங்கோட்டையிலிருந்து என் அனுபவம்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு கடைகளுக்கு வெப்சைட் போட்டுக் கொடுப்பது என் தொழில். அதோடு ஆறு வருடமாக டொமைன் பெயர்களை, அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயர்களை, வாங்கி வைத்து விற்கவும் செய்கிறேன். லட்சக்கணக்கில் போகிற பெயர்கள் இல்லை. 900, 1,000 ரூபாய்க்கு ஒரு டாட் காம் எடுத்து, அது தேவைப்படுகிற கடைக்காரருக்கு 4,000 அல்லது 5,000க்குக் கொடுப்பேன், எப்போதாவது ஒன்று பத்தாயிரத்துக்குப் போகும். வாங்குகிறவர்கள் பத்தமடையில் பாய் விற்பவர், களக்காட்டில் வாழை மண்டி வைத்திருப்பவர், குற்றாலத்தில் சீசனுக்கு அறை வாடகைக்கு விடுபவர் மாதிரி ஆட்கள். இதற்குள் ஏழு ரெஜிஸ்ட்ரார்களிடம், அதாவது பெயர்களைப் பதிவு செய்து தருகிற கம்பெனிகளிடம், கணக்கு திறந்து, பணம் கட்டி, பெயர்களை இங்கிருந்து அங்கே மாற்றிப் பார்த்துவிட்டேன்.

புதிதாக இதில் இறங்குகிற தம்பிகள் முதலில் கேட்பது, "அண்ணே, எங்க வாங்குனா கம்மி?" என்றுதான். நானும் அப்படிக் கேட்டுத்தான் ஆரம்பித்தேன். ஆனால் விற்ற பெயரை வாங்கினவர் கையில் எவ்வளவு சுளுவாக ஒப்படைக்க முடிகிறது, விற்காமல் கிடக்கிற பெயரை அடுத்த வருடம் என்ன விலைக்கு வைத்திருக்க முடிகிறது, இந்த இரண்டையும் பார்த்த பிறகு கடைசியாகப் பார்க்க வேண்டியது முதல் வருட விலை. 5,000 ரூபாய்க்கு விற்கிற பெயரில் வாங்கும்போது 200 ரூபாய் மிச்சம் பிடித்து என்ன ஆகப் போகிறது? விற்றுப் பணம் வாங்கிய பிறகு பத்து நாள் இழுத்தடித்தால் அந்த அண்ணாச்சி இன்னொருவரை நம்மிடம் அனுப்ப மாட்டார். என் வியாபாரம் முழுக்க ஒரு கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லி வந்ததுதான்.

சரி, முதலில் விலை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம், இது தெரிந்தால் பாதி விளம்பரங்களில் ஏமாற மாட்டோம். டாட் காம் பெயர்கள் எல்லாமே வெரிசைன் என்கிற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. எந்த ரெஜிஸ்ட்ராரிடம் வாங்கினாலும் அவர் ஒரு பெயருக்கு வருடத்துக்கு ஒரே மொத்த விலையைத்தான் வெரிசைனுக்குக் கட்டுகிறார். 2012லிருந்து 2021 வரை அது 7.85 டாலரிலேயே நின்றது. அப்புறம் நான்கு வருடம் தொடர்ந்து ஏற்றினார்கள், 8.39, 8.97, 9.59, 2024 செப்டம்பரில் 10.26. இதன்மேல், டொமைன் பெயர்களுக்கு விதி போடுகிற ஐகேன் அமைப்புக்கு ஒரு சின்னக் கட்டணம், 18 சென்ட்டாக இருந்து 2025 ஜூலையில் 20 சென்ட் ஆனது. ஆக, அப்போதே அடக்க விலை 10.46 டாலர், நம் காசில் 900 ரூபாய் பக்கம். இதற்குக் கீழே ஒருவர் டாட் காம் தருகிறார் என்றால் அவர் முதல் வருடம் கைக்காசு போட்டு ஆள் பிடிக்கிறார், அந்தக் காசை இரண்டாம் வருடம் ரினியூவலில் எடுப்பார். இதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் விற்பதற்காக வாங்கி வைக்கிற நாம் அந்த இரண்டாம் வருடத்தில்தான் மாட்டுவோம், ஏனென்றால் பெயர் அநேகமாக முதல் வருடத்தில் விற்காது. என் அனுபவத்தில் பத்துப் பெயர் வாங்கினால் முதல் வருடம் ஒன்று போகும், நல்ல வருடமென்றால் இரண்டு.

பெயரின் கடைசியில் டாட் காம் தவிர வேறு முடிவுகள் வந்தால் இது இன்னும் மோசம். டாட் ஆன்லைன், டாட் சைட், டாட் ஸ்டோர் எல்லாம் முதல் வருடம் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு தீபாவளி ஆஃபரில் நாற்பது பெயர் எடுத்துப் போட்டேன். நெல்லை, தாமிரபரணி, பொதிகை என்று ஊர்ப் பெயர்களோடு சேர்த்து அழகழகான பெயர்கள். மூன்று விற்றது. அடுத்த தீபாவளிக்கு மீதி முப்பத்தேழுக்கும் பெயருக்கு 2,000க்கு மேல் ரினியூவல் பில் வந்து நின்றது. முப்பத்திரண்டை விட்டுவிட்டேன். அந்த வருட லாபத்தில் பெரிய துண்டு அதில் போயிற்று. அதிலிருந்து ஒரு பெயரை வாங்குவதற்கு முன் ரினியூவல் விலையைத் தேடிப் பார்க்காமல் பணம் கட்டுவதில்லை. சில நிறுவனங்கள் அதைச் சின்ன எழுத்தில் கீழே போட்டிருப்பார்கள், சில இடங்களில் பணம் கட்டும் பக்கம் வரை போனால்தான் தெரியும். போர்க்பன் என்கிற ரெஜிஸ்ட்ராரின் தளத்தில் பதிவு, ரினியூவல், டிரான்ஸ்பர் மூன்று விலையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், அந்த ஒரு காரணத்துக்காகவே அவர்களை எனக்குப் பிடிக்கும். விதிவிலக்கு ஒன்று உண்டு. டாட் எக்ஸ்ஒய்இசட் முடிவில் ஆறு முதல் ஒன்பது இலக்கம் வரை வெறும் எண்களால் ஆன பெயர்களுக்குப் பதிவும் ரினியூவலும் ஒரு டாலருக்குள்தான். ஆனால் நம் பக்கத்தில் அதை யாரும் வாங்குவதில்லை, ஆகவே விட்டுவிடலாம்.

இப்போது ஒப்படைக்கிற விஷயம். இதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஐகேன் விதிப்படி ஒரு பெயரைப் புதிதாகப் பதிவு செய்த முதல் 60 நாளும், ஒரு ரெஜிஸ்ட்ராரிலிருந்து இன்னொருவருக்கு மாற்றிய பின் 60 நாளும், அதை வேறு ரெஜிஸ்ட்ராருக்குக் கொண்டுபோக முடியாது. ஆரம்பத்தில் இது எனக்குத் தெரியாது. ஆலங்குளத்தில் ஒரு பூ வியாபாரிக்குப் பெயரைப் பேசி முடித்து, அட்வான்ஸ் வாங்கி, அன்றே பதிவும் செய்துவிட்டேன். அவருடைய மருமகன் பெங்களூரில் இருந்துகொண்டு, நான் கணக்கு வைத்திருக்கிற வேறு ரெஜிஸ்ட்ராரிடம்தான் எனக்கு வேண்டும், பெயரை மாற்றுவதற்கான ரகசியக் கோடு (code) அனுப்புங்கள் என்கிறார். கோடு எடுக்கப் போனால் பூட்டு விழுந்திருக்கிறது. இரண்டு மாதம் பொறுங்கள் என்று சொன்னதும் மருமகனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "பேரு இவர்கிட்ட இருக்கா இல்லையா?" என்று மாமனாரிடம் கேட்டிருக்கிறார். அட்வான்சைத் திருப்பிக் கொடுத்தேன்.

இதற்கு வழி புஷ். ஒரே ரெஜிஸ்ட்ராருக்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பெயரைத் தள்ளிவிடுவது. இதற்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது, 60 நாள் பூட்டும் இதைத் தடுப்பதில்லை. வெளி ரெஜிஸ்ட்ராருக்கு டிரான்ஸ்பர் என்றால் ஐந்து நாள் வரை ஆகும், புஷ் என்றால் அங்கேயே முடிந்துவிடும். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போட்டு வெளியூருக்கு அனுப்புகிற ஒரு அண்ணாச்சிக்கு, நேம்சீப் என்கிற ரெஜிஸ்ட்ராரிடம் இருந்த பெயரை இப்படித்தான் கொடுத்தேன். வீட்டுத் திண்ணையில் உளுந்து மாவு வாசம், பின்கட்டில் உருட்டுகிற சத்தம். அவர் மகள் போனில் கணக்கு ஒன்று திறந்தாள். அவள் யூசர் பெயரை நான் என் லேப்டாப்பில் அடித்து, என் பாஸ்வேர்டைப் போட்டு உறுதி செய்தேன். அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு, "துட்டு அனுப்பியாச்சு தம்பி, பேரு எப்பம் வரும்?" என்று கேட்டு வாயை மூடுவதற்குள் மகள் போனைத் திருப்பிக் காட்டினாள். பட்டியலில் அவர்கள் பெயர் வந்து உட்கார்ந்திருந்தது. அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். "வந்துட்டுல்லா!" அன்று சாயங்காலம் நான் பஸ் ஏறுவதற்குள் அம்பாசமுத்திரத்திலிருந்து அவர் சம்பந்தி எனக்குப் போன் செய்தார், அவருக்கு ஒரு பெயர் வேண்டுமாம்.

இதே வேலைக்கு நான் கணக்கு வைத்திருந்த ஒரு கம்பெனி, பெயரைச் சொல்ல விரும்பவில்லை, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட படிவம், இருவருடைய அடையாள அட்டை நகல், அப்புறம் சப்போர்ட் டிக்கெட் என்று ஒன்பது நாள் எடுத்தது. நெல்லை டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவருக்காக அது. ஆனித் தேரோட்டத்துக்கு முன் சைட்டைத் திறக்க வேண்டும் என்று நினைத்திருந்தார், தேர் நிலைக்கு வந்த பிறகுதான் பெயர் அவர் கணக்குக்கு வந்தது. அவர் கோபப்படவில்லை, "பரவாயில்ல தம்பி" என்றார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்த மாதமே அங்கிருந்த பெயர்களை எல்லாம் கிளப்பிவிட்டேன்.

டைனாடாட் என்கிற ரெஜிஸ்ட்ராரிடமும் புஷ் நன்றாகவே வேலை செய்கிறது. அங்கே கணக்கு பூட்டப்பட்டிருக்கும், அதை அன்லாக் செய்துவிட்டுத்தான் பெயரை நகர்த்த முடியும். முதல் தடவை எரிச்சலாக இருந்தது. ஆனால் நூறு பெயர் ஒரே கணக்கில் இருக்கும்போது யாரோ பாஸ்வேர்டைத் திருடிக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் தள்ளிவிட முடியாது என்பது எவ்வளவு நிம்மதி என்று போகப் போகத் தெரிந்தது. நிறையப் பெயர் வைத்திருப்பவர்களை மனதில் வைத்துக் கட்டிய தளம் அது, அம்பது பெயருக்கு ஒரே தடவையில் நேம்சர்வர் (பெயரை அடித்தால் எந்த சைட் திறக்க வேண்டும் என்று சொல்கிற சர்வர்) மாற்றுவது, விலை போட்டு விற்பனைக்கு வைப்பது எல்லாம் சுளுவு. பழகுவதற்கு ஒரு வாரம் ஆகும்.

புஷ் செய்தவுடன் வேலை முடிந்தது என்று எழுந்து வரக் கூடாது. உரிமையாளர் விவரம் மாறும்போது புதிய மெயில் முகவரிக்கு ஒரு சரிபார்ப்பு மெயில் போகும். 15 நாளுக்குள் அதில் உள்ள இணைப்பை அழுத்தாவிட்டால் ரெஜிஸ்ட்ரார் பெயரை நிறுத்தி வைத்துவிடுவார். எல்லா ரெஜிஸ்ட்ராருக்கும் ஐகேன் போட்டிருக்கும் விதி இது. உடன்குடியில் கருப்பட்டி விற்கிற அக்கா ஒருவருக்கு இப்படி ஆயிற்று. அவர் மகன் புதிதாக ஒரு மெயில் ஐடி திறந்து கொடுத்துவிட்டு காலேஜுக்குப் போய்விட்டான், அதை யாரும் திறந்து பார்க்கவில்லை. கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூருக்குக் கூட்டம் வருகிற வாரம், அவருடைய சைட் திறக்கவில்லை. அக்கா போன் செய்து, "தம்பி, நம்ம கட போர்ட காணோமே" என்றார். இணைப்பை அழுத்தியதும் சைட் திரும்பி வந்தது, ஆனாலும் இரண்டு நாள் வியாபாரம் போனது போனதுதான். இப்போது நான் அந்த மெயில் வரும் வரை அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, அழுத்தச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

இன்னொன்று. 2016 டிசம்பரிலிருந்து, உரிமையாளரின் பெயரோ நிறுவனமோ மெயிலோ மாறினால் அதற்கும் ஒரு 60 நாள் டிரான்ஸ்பர் பூட்டு விழும் என்று விதி வந்தது. சில ரெஜிஸ்ட்ரார்கள் மாற்றுவதற்கு முன்பே அந்தப் பூட்டு வேண்டாம் என்று டிக் செய்ய விடுவார்கள், சிலரிடம் அந்த வசதியே இல்லை. வாங்குகிறவர் பிறகு வேறு இடத்துக்குக் கொண்டுபோக நினைப்பவர் என்றால் இதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுவது நம் ஆட்களுக்குத் தனிக் கஷ்டம். முதலில் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை பாங்க் ஆப்பில் போய்த் திறந்துவிட வேண்டும், 2020லிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்து வருகின்றன. டாலராக மாற்றுவதற்கு பாங்க் தனியாக 2லிருந்து 3.5 சதவீதம் வரை பிடிக்கும், சில கம்பெனிகள் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்துப் போடும். அடக்க விலை 900 என்று பார்த்தது பில்லில் 1,100 ஆகிவிடும். இதைக் கணக்கில் எடுக்காமல் விலை சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஆட்டோ ரினியூவல். 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, முறையாக முன் அனுமதி பதிவு செய்யாவிட்டால் கார்டிலிருந்து தானாகப் பணம் பிடிப்பது நடக்காது. வெளிநாட்டு ரெஜிஸ்ட்ரார் வருடா வருடம் கார்டில் இழுக்கப் பார்ப்பார், பாங்க் மறுத்துவிடும். ஆட்டோ ரினியூ பச்சையாக எரிகிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம். என்னிடம் விலைக்குப் பேசிக்கொண்டிருந்த ஒரு நல்ல பெயர் இப்படித்தான் காலாவதியானது. தகவல் மெயில் விளம்பர மெயில்களோடு போய் விழுந்துவிட்டது, நான் பார்த்தபோது பெயர் மீட்புக் கட்டத்துக்குப் போயிருந்தது. டாட் காமில் காலாவதியான பிறகு ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரண விலைக்கே புதுப்பிக்க விடுவார்கள், அப்புறம் 30 நாள் மீட்புக் காலம், அதற்குப் பின் ஐந்து நாளில் பெயர் அழிந்து யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றாகிவிடும். மீட்புக் காலத்தில் எடுக்க அந்தக் கம்பெனி என்னிடம் கேட்டது 7,000 ரூபாய்க்கு மேல். கட்டினேன், 8,000க்கு விற்றேன்.

அதனால் கணக்கில் முன்பணம் போட்டு வைக்க விடுகிற ரெஜிஸ்ட்ராரைப் பாருங்கள். நேம்சீப், டைனாடாட், போர்க்பன் மூன்றிலும் இது உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நானே கையால் பணம் ஏற்றிவிடுவேன், ரினியூவல் அந்த இருப்பிலிருந்து போய்விடும், பாங்க் குறுக்கே வராது. ஒரே தடவையாக ஏற்றுவதால் கார்டு வேலையும் குறைகிறது.

கிளவுட்ஃப்ளேர் என்கிற ரெஜிஸ்ட்ரார் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். விலையில் அவர்களை அடிக்க முடியாது, அடக்க விலையைத் தவிர ஒரு சென்ட் கூட வைப்பதில்லை, பதிவும் ரினியூவலும் ஒன்றே. என் சொந்த சைட்டும், நான் பராமரிக்கிற கடைகளின் பெயர்களும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் விற்பதற்கான பெயரை அங்கே வைப்பதில்லை, ஏனென்றால் அங்கே பதிவு செய்த பெயருக்கு அவர்கள் நேம்சர்வரைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆஃப்டர்னிக், செடோ மாதிரி விற்பனைத் தளங்களின் நேம்சர்வரைப் போட்டு விற்பனைப் பக்கம் காட்ட முடியாது. அதோடு அந்தத் தளம் கடைக்காரருக்குப் புரிகிற மாதிரி இல்லை. கணக்கைத் திறந்ததும் டிஎன்எஸ், ஃபயர்வால் என்று வந்து நின்றால் அவர் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

கோடாடி என்கிற ரெஜிஸ்ட்ரார் நேர்மாறு. தோனி விளம்பரம் பார்த்த எல்லோருக்கும் பெயர் தெரியும், பாதிப் பேருக்கு ஏற்கெனவே அங்கே கணக்கு இருக்கிறது, இந்தியாவில் போனில் பேசலாம். டாட் காம் ரினியூவல் மற்றவர்களைவிட நன்றாகவே கூட. விற்பதற்காகப் பெயர்களைக் குவித்து வைக்க எனக்குக் கட்டுப்படியாகாது, ஆனால் வாங்குகிறவர் அங்கேதான் வேண்டும் என்றால் மறுப்பதில்லை. 60 நாள் தாண்டிய பெயரை டிரான்ஸ்பர் செய்து கொடுத்துவிடுவேன். டிரான்ஸ்பருக்குக் கட்டுகிற காசு வீணில்லை, டாட் காமில் ஒரு வருடம் கூடச் சேரும். ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். காலாவதியான பெயரைப் புதுப்பித்துவிட்டு அந்த 45 நாளுக்குள்ளேயே டிரான்ஸ்பர் செய்தால், புதுப்பித்த வருடம் கழிந்துபோகும், டிரான்ஸ்பர் வருடம் மட்டும்தான் நிற்கும். பழைய ரெஜிஸ்ட்ராரிடம் கட்டின காசைத் திரும்பக் கேட்டு வாங்குவது அவரவர் சாமர்த்தியம்.

டாட் இன் பெயர்கள் நம் பக்கம் நன்றாகவே விற்கின்றன. அதை நிர்வகிப்பது நிக்சி என்கிற இந்திய அமைப்பு. அதில் உரிமையாளரை மறைக்கும் தனியுரிமைச் சேவைக்கு அனுமதி இல்லை, ஆகவே சொந்த விவரங்களைச் சரியாகக் கொடுங்கள். டாட் காமில் அந்தச் சேவையைப் போர்க்பனும் நேம்சீப்பும் இலவசமாகத் தருகிறார்கள், இதற்குத் தனிக் காசு கேட்கிற இடத்தில் வாங்க வேண்டாம். தமிழிலேயே முடிகிற டாட் இந்தியா பெயர் வேண்டும் என்று சேரன்மகாதேவியிலிருந்து தமிழாசிரியர் ஒருவர் கேட்டார், கேட்டதே எனக்குச் சந்தோஷம். ஆனால் அதை விற்கிற ரெஜிஸ்ட்ரார்கள் குறைவு. தேடிப் பிடித்து எடுத்துக் கொடுத்தேன், லாபம் வைக்கவில்லை.

பிரபலமான அல்வாக் கடைகளின் பெயரையோ, இங்கே நாலு தலைமுறையாக இருக்கிற ஜவுளிக்கடையின் பெயரையோ எடுத்து வைத்துக்கொண்டு அவர்களிடமே விலை பேசுகிற ஆட்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது அவர்களுடைய பெயர். அவர்கள் புகார் கொடுக்க டாட் காமுக்கு யுடிஆர்பி, டாட் இன்னுக்கு ஐஎன்டிஆர்பி என்று முறைகள் இருக்கின்றன, பெயரும் போகும், ஊரில் மரியாதையும் போகும். நெல்லை, அப்பளம், பாய், குற்றாலம் என்று பொதுவான சொற்களிலேயே வேண்டிய அளவு பெயர்கள் கிடக்கின்றன.

இப்போது என்னிடம் 140 பெயர் இருக்கிறது. நேரில் போய்க் கொடுக்கிறவை நேம்சீப்பில், நெட்டில் விலை போட்டு வைத்திருப்பவை டைனாடாட்டில், டாட் காம் தவிர்த்த மற்றவை போர்க்பனில். நான்காவதாக ஒரு இடத்தில் இன்னும் பதினொரு பெயர் இருக்கிறது, தை மாதம் அவற்றின் கெடு முடிவதற்குள் அங்கிருந்து எடுத்துவிட வேண்டும்.